பாருக்கு உள்ளே நிற்கும் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா தூங்கிய பிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன். இறால் பண்ணைக் கழிவுநீரை நம் கடலில் விடப்போகிறார்கள். "உள்ள பார் கெடக்கு, தண்ணி வெளிக்கடலுக்குப் போவாது" என்று சிலுவை மாமா தடுத்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த பண்ணை மேனேஜரோ, "எதைப் பாக்கச் சொல்லுதீரு வே?" என்றார். பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். அங்கே காவல் வேலை செய்யும் அப்பாவும் சிரித்தார். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு என்று அப்பாவுக்குத் தெரியாதா?

அது சுவர்போல மறிக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே நான் போட்ட தேங்காய் மட்டை கரைக்கே திரும்பிவிட்டது. கழிவும் இங்கேயே நின்று மீனைக் கொல்லும்.

நாளை கலெக்டர் கூட்டத்தில் இதைச் சொல்வேன். அப்பாவின் வேலை போகலாம். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசி முடித்துவிட வேண்டும், அக்கா.

உன் தங்கை