தட்டு மாறிய முட்டை

ஜூலை 2, புதன்

இன்றும் சத்துணவில் என் முட்டை தேவதர்ஷினி தட்டுக்குத்தான் போனது. எனக்குக் கரப்பான் உடம்பு. முட்டை, கருவாடு, கத்திரிக்காய், வேர்க்கடலை எதுவும் ஆகாது என்று நான் ஐந்தாவது படிக்கும்போதே அம்மா நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து தர்ஷினிக்கு இரண்டு முட்டை. பரவாயில்லை. என் கை வெடித்து நீர் வடிந்தபோது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூலை 5, சனி

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். முழங்கை மடிப்பைப் பார்த்தார், எடை போட்டார், அம்மாவைத் திட்டினார்.

"முட்டை போட்ட கேக் சாப்பிட்டா இவளுக்கு ஏதாவது ஆகுதா?"

"ஒண்ணும் ஆவலீங்க. பொறந்தநாளுக்குத் துன்னுவா."

"அப்புறம் முட்டையை ஏம்மா நிறுத்துனீங்க? வளர்ற பொண்ணு எலும்பா இருக்கா."

ஒரு மாதம் பள்ளிக்கூட முட்டையைச் சாப்பிட வேண்டும். அரிப்பு கூடாவிட்டால் மற்றதையும் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கலாம். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவ வேண்டும். கருவாடு! தியாகதுருகம் வரும்வரை பஸ்ஸில் அதே நினைப்புதான்.

ஜூலை 7, திங்கள்

முட்டையைத் தின்றேன். மஞ்சள் கரு தொண்டையை அடைத்தது. தர்ஷினி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

முட்டை வரவில்லையாம். கொண்டைக்கடலை போட்டார்கள். அரிப்பு இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எல்லாம் போச்சு. கரும்பு வெட்டப் போய்விட்டு வந்ததும் அம்மா கத்தினாள்.

"நேத்து முட்ட துன்னுட்டு ரத்தம் வர்ற மாரி சொறிஞ்சிக்கினு இருந்தியாமே! இனிமே முட்டையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"யாரும்மா சொன்னது?"

"தர்ஷினிதான். உம்மேல இருக்கற அக்கறையில, நீ இல்லாதப்ப வூடு தேடி வந்து சொல்றா, பாவம்."

பாவமா? நேத்து ஏதுடி முட்டை? முட்டையே வரலையே! சொன்னால் அம்மா நம்பவில்லை. பொய்க்காரி. அவளா? அவளா இப்படி—

ஜூலை 14, திங்கள்

தர்ஷினியைக் குழாயடியில் மறித்துக் கேட்டேன். "ஏன்டி எங்கம்மாகிட்ட பொய் சொன்ன?"

தலை குனிவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றாள்.

"மூணு வருஷமா எனக்குத்தான குடுத்துக்கினு இருந்த? இப்ப மட்டும் இன்னா?"

நான் என்னவோ அவளுடையதைப் பிடுங்கித் தின்ற மாதிரி!

அப்படியென்றால் ஒட்டி உட்கார்ந்ததெல்லாம்? முட்டைக்கா? கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஜூலை 16, புதன்

அம்மா வேலைக்குப் போகிற வழியில் சத்துணவு சமைக்கிற பாப்பாத்தி அக்காவைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "வியாழக்கெழம ஏது முட்ட? கொண்டக்கடலதான போட்டோம்" என்றாராம் அந்த அக்கா. நான் குளித்து வந்ததும் களிம்பை அம்மாவே தடவிவிட்டாள்.

"நாளைலருந்து துன்னு."

ஜூலை 17, வியாழன்

முட்டை போட்டார்கள். எடுத்ததும் பழக்கத்தில் கை இடப்பக்கம் நீண்டுவிட்டது. அங்கே யாரும் உட்காரவில்லை.