உனக்குரிய இருபது நிமிடங்கள்

இன்று காலை என் மேசைக்கு ஒரு தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கை வந்தது. மை வாசம் இன்னும் போகாத புதுப் பிரதி. குறிப்புகள் பகுதியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தேயிலைச் செடிகளின் பெறுமானத்தேய்வு, அதாவது வருடத் தேய்மானம். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. தலைவலி என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஏழு வருடமாகிறது.

எங்கள் வருடத் தொகுதியில் மாத்தளை மாவட்டத்திலிருந்து தமிழில் வர்த்தகம் படித்துப் பல்கலைக்கழகம் வந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம், நான் உக்குவளை. முதல் இரண்டு வருடத்தை எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். மூன்றாம் வருடத்தில் உயர் நிதிக் கணக்கீடும், கணக்குகளை எப்படிக் காட்ட வேண்டும் என்று விதிக்கும் அறிக்கையிடல் நியமங்களும் வந்தபோதுதான் பயம் பிடித்தது. எல்லாமே ஆங்கிலம். ஒரு பந்தியை வாசித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். இடைப் பரீட்சையில் இரண்டு பேருமே கோட்டை விட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தாய். முன்னறையில் பாய் விரித்து, நியமங்களைச் சுற்றிலும் பரப்பிக்கொள்வோம். உம்மா ஒரு மணிக்கே குரல் கொடுக்கத் தொடங்குவார். “அதெல்லாம் எங்கயும் ஓடிப் போகாது. சாப்பிட்டுட்டுப் படிங்க புள்ளைகளே!” உனக்கு உம்மாவின் மாசிச் சம்பல் பிடிக்கும். எனக்கு நீ நியமங்களைத் தமிழாக்கும் விதம் பிடிக்கும்.

ஒரு கம்பனி இன்னொன்றைக் கட்டுப்படுத்துகிறதா என்பதைப் பங்கு வீதத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்ற பகுதியில் நான் மூன்று வாரம் திணறினேன். நீ ஒரே நிமிடத்தில் முடித்தாய்.

“எங்க தோட்டத்துல கோயில் கமிட்டித் தலைவர் யாருன்னு கேட்டா கங்காணி பேரத்தான் சொல்லுவாங்க. ஆனா திருவிழாவ எப்ப வைக்கிறதுன்னு தொரை சொல்லணும். இப்பச் சொல்லு, கமிட்டி யாரு கையில இருக்கு?”

“தொரை கையில.”

“அவ்வளவுதான்டி. பேரு யாருடையதுன்னு பாக்காத, சொல்லு யாருடையதுன்னு பாரு.”

விவசாயம் பற்றிய நியமத்தை எடுத்த நாளில் நீ வேறு ஆளாக இருந்தாய். தேயிலைச் செடி ஒரு இயந்திரம் மாதிரி, அதற்கு ஆயுள் போட்டு வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டும். அதில் வளர்கிற கொழுந்துதான் உயிருள்ள சொத்து. இதை இரண்டு தரம் வாசித்தாய். பிறகு வேறொரு நியமத்தைப் புரட்டி, தொழிலாளர்களைச் சொத்தாகக் காட்டலாமா என்று தேடினாய். தேடிக் கண்டுபிடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

“எங்கம்மாவச் சொத்துன்னு எழுத முடியாதாம் சபீனா! கம்பெனிக்கு அவங்க மேல அவ்வளவு அதிகாரம் இல்லையாம்! இத நான் அம்மாகிட்டச் சொல்லியே ஆகணும்.”

அந்த விவசாய நியமத்தைத்தான் எங்கள் குழு விரிவுரையாளர் முன்னிலையில் விளக்க வேண்டி வந்தது. ஐந்து பேர் குழு, நான் தலைவி. இருபது நிமிடம். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் எழுதியவள் நீ. பேசப் போவதும் நீதான் என்று இருந்தது. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததாகக்கூடச் சொன்னாய்.

முந்திய நாள் பகல், கன்டீனில் மற்ற மூவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். உன் ஆங்கிலத்துக்குப் புள்ளி குறைந்துவிடும், தங்களில் கொழும்பில் படித்தவள் பேசட்டும் என்றார்கள். நான் மறுத்திருக்கலாம். என் தலையாட்டலுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஆட்டினேன். உன்னிடம் வந்து சொன்னதும் நான்தான். “குழுவோட நன்மைக்குத்தானே” என்றேன். நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். “சரிடி, நான் ஸ்லைட் மாத்துறேன்” என்றாய்.

மறுநாள் அந்தக் கொழும்பில் படித்தவள் அழகாகப் பேசினாள். கேள்வி நேரம் வந்ததும் தடுமாறினாள். நட்டு இன்னும் பறிக்கத் தொடங்காத செடியை எப்படிக் கணக்கில் காட்டுவீர்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். மடிகணினிக்குப் பின்னாலிருந்து நீ பதில் சொன்னாய். இலக்கணம் தப்பியது, பொருள் தப்பவில்லை. அவர் அடுத்தடுத்து நான்கு கேள்வி கேட்டார். நான்குக்கும் பதில் வைத்திருந்தாய்.

“இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் பேசவில்லை?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

நீ என் பக்கம் திரும்பினாய். “தொண்டை சரியில்லை சேர்” என்றாய்.

அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. பரீட்சை முடியட்டும், இருவரும் சேர்ந்து பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஆறுதலாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கடைசியாக வந்த நிதிக் கணக்கீட்டுப் பரீட்சைக்கு முதல் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. “சும்மா காய்ச்சல்தான், மாத்திர போட்டா நின்னுரும்” என்றாய். கண் சிவந்திருக்க மூன்று மணித்தியாலமும் எழுதினாய். மாத்தளை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்ததுமே தூங்கிவிட்டாய். உன் நெற்றி என் அபாயாவைத் தாண்டிச் சுட்டது. எழுப்பி மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. இரண்டு நாள் கழித்து, பகல் பார்வை நேரத்தில் வந்தேன். உன் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து உன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். உனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தேறிவிட்டாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த நோயில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது எனக்குத் தெரியாது.

“மூணாவது கேள்வியில நன்மதிப்புத் தொகை உனக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டாய். அதைத்தான் முதலில் கேட்டாய்.

“முதல்ல உன்னோடதச் சொல்லு.”

சொன்னாய். எனக்கு வந்தது வேறு. “எனக்கும் அதேதான்” என்றேன்.

“அப்பச் சரி” என்று கண்ணை மூடினாய். அம்மா பக்கத்தில் இருக்கிறாரே, வீட்டுக்கு வந்ததும் மற்றதைப் பேசலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் விடியும்போது நீ இல்லை.

பெறுபேறு வந்தபோது பட்டியலில் உன் சுட்டெண் இருந்தது. அந்தப் பாடத்தில் எங்கள் தொகுதியிலேயே முதல் புள்ளி உனக்கு. மூன்றாவது கேள்விக்கு உன் விடைதான் சரி. பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உன் அம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்திருந்தார், இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சாக்கோடு. கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். உன் எண் எது என்று காட்டினேன். அதன் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

“இந்தப் பாடத்துல எங்க செடியப் பத்தியும் இருக்குன்னு சொல்லுவா. என்னைய சொத்துன்னு எழுதக் கூடாதாமே?” என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கன்டீன், என் தலையாட்டல், நீ பின்னால் உட்கார்ந்தது.

“தெரியும் புள்ள. அவ சொன்னா. ‘சபீனா மொகம் செத்துப் போச்சும்மா, அதான் தொண்ட சரியில்லன்னுட்டேன்’னு சொன்னா.”

“கோவப்படலையாம்மா?”

அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. “ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. அப்புறம் சரியாயிட்டா” என்றார். எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

உன்னைப் பின்னால் உட்காரவைத்த அந்தக் கிழமை ஞாயிறு நீ உக்குவளைக்கு வரவில்லை. அம்மாவுக்கு உதவி செய்ய வேண்டியிருக்கிறது என்று செய்தி அனுப்பினாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, பதவி இருக்கிறது, ஆங்கிலமும் பழகிவிட்டது. கூட்டங்களில் எழுந்து பேசுகிறேன். பேசி முடித்து உட்காரும்போதெல்லாம் நீ சாப்பிடாமல் இருந்த அந்த இரண்டு நாள் நினைவுக்கு வருகிறது. நீ என்னை மன்னித்திருப்பாய், அது தெரியும். ஆனால் நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியவள் நான். மன்னித்துவிடு என்ற அந்தச் சொல்லை வேறு யாரிடமும் சொல்லித் தீர்க்க முடியவில்லை. அது இன்னும் என்னிடமே இருக்கிறது.