பறித்துக் கொட்டிய சாமந்தி

அக்கா, இன்றைக்கு ஆபீஸ் ஆயுத பூஜைக்கு ஒரு மூட்டை சாமந்தி வந்தது. வெயிலில் கிடந்து பாதி புழுங்கிப் போயிருந்தது. பிரித்ததும் உங்கள் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. பொரிப் பொட்டலம் கட்டுகிற வேலையை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

கொரோனா வந்த வருஷம் அது. கோயில் நடை சாத்தியாச்சு, கிரிவலம் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. அடி அண்ணாமலைப் பக்கம் பூ போட்டவர்களெல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பூ அழிந்த தோட்டத்துக்கு அரசாங்கம் நிவாரணம் தரப்போகிறது என்று உத்தரவு வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய் போட்டோ எடுத்து எழுதிக்கொண்டு வருவது என் வேலை. முகத்தில் மாஸ்க், பையில் சானிடைசர் பாட்டில்.

முதலில் உங்கள் பக்கத்துத் தோட்டம். அவர் பூவைச் செடியிலேயே விட்டிருந்தார். கறுத்து அழுகித் தொங்கியது. போட்டோ ஜோராக வந்தது. அடுத்து உங்களுடையது. செடியெல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றது. அழுகின பூ ஒன்றுகூட இல்லை.

"இன்னாக்கா, உங்க தோட்டத்துல நஷ்டமே காணோமே?" என்றேன்.

"பூவ அப்படியே உட்டா செடி வீணாப் போயிடும் சார். வாங்க ஆள் இல்லன்னாலும் தெனமும் பறிச்சிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் அந்தாண்ட குழியில கொட்டி வச்சிருக்கேன். வந்து பாருங்க."

குழி ஐம்பதடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. செடியில் இருக்கிற பூவைத்தான் போட்டோ எடுக்கணும், அதுதான் ரூல் என்றேன். 'சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"அப்போ பறிக்காம உட்டிருக்கணுமா சார்?" என்று கேட்டீர்கள். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி. நான் வண்டியை எடுத்தேன்.

பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பணம் வந்தது. புது நாற்று வாங்கி நட்டார். அந்தப் பணத்தை நம்பித்தான் நீங்களும் இருந்தீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. செடியைப் பிடுங்கிப் போட்டு மல்லாட்டை விதைத்தீர்கள். அந்தக் கடலையும் மழையில் போச்சு. கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாடவீதியில் அடுத்தவர் கடையில் உட்கார்ந்து பூ கட்டினீர்கள். அந்தத் தெருவில் போனால் நான் எதிர் ஓரமாக ஒதுங்கி நடப்பேன். நீங்களா விடுவீர்கள்? "சார், நல்லா இருக்கீங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டு, வேண்டாம் என்றாலும் ஒரு முழம் கையில் திணித்து, "வீட்டுக்கு எடுத்துனு போங்க" என்பீர்கள். எனக்கு மானம் போகும்.

சாவுக்கு வந்திருந்தேன். உங்கள் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கதான் அந்த சாரா? அம்மா உங்கள ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல. 'அவரு படிச்ச புள்ள, பூ பறிக்கிற வேலையெல்லாம் அவருக்கு இன்னா தெரியும், பாவம்'னு சொல்லும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எனக்குத் தெரியும் அக்கா. எங்கள் அம்மாவும் பூத்தோட்டக்காரிதான். பள்ளிக்கூடம் போகிற நாளெல்லாம் விடிகாலையில் அவளோடு சாமந்தி பறித்தவன் நான். விற்காத அன்று எங்கள் பூவும் குழிக்குத்தான் போனது. குழியைப் பார்த்துவிட்டால் தனியாக அறிக்கை எழுதணும், மேலே நூறு கேள்வி வரும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் அன்றைக்குக் குழிப் பக்கம் வரவில்லை. தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தேதான் எழுதினேன்.

உங்கள் மகளிடம் அன்றைக்கும் இதைச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.