துட்டி வீட்டுக்கு ஒரு மரம்

திருநெல்வேலி டவுன்,
24.12.2024

சௌபாக்கியவதி சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் குழந்தை ஃபெபியும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கக் காந்திமதியம்மன் துணையிருக்க வேண்டும்.

இங்கே மழை விட்டுவிட்டது. ஆற்றில் தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் போகிறது. களக்காட்டு வாழை காற்றுக்குத் தப்பிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அவள் நம்பவில்லை.

போன வாரம் போனில் நீ இரண்டு காரியம் சொன்னாய். ஒன்று ஃபெபியின் கேள்வி: இயேசு மாட்டுத்தொழுவத்தில்தானே பிறந்தார், அப்புறம் ஏன் மரம் வைக்கிறார்கள்? ஜெர்மனியில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கச் சொன்னது உன் தந்திரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மற்றது, பாளையங்கோட்டையில் உன் மாமனார் எஸ்றா சார் தனியாக இருக்கிறார், ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்றது. முதலாவதற்குச் சரி என்றேன். இரண்டாவதற்கு முட்டுவலி என்றேன்.

உள்ளதை எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ கிறிஸ்தவ வீட்டு ஜெனோவைக் கட்டிக்கொண்டபோது நான் கல்யாணத்துக்கு வரவில்லை. இந்த ஆவணியில் உன் மாமியார் இன்பமணியம்மா காலமானபோது துக்கம் கேட்கத் துட்டிக்கும் போகவில்லை. அம்மா மட்டும் போய்வந்தாள். துட்டி கேட்க ஒரு வாரம் தள்ளிப் போகலாம், பத்து நாள் தள்ளிப் போகலாம். நாலு மாதம் கழித்து எந்த முகத்தோடு போவது? கேள்வி கேட்கப் போகிறவனாகப் போவது சுலபம் என்று பட்டது. எஸ்றா சார் சரித்திர வாத்தியாராக இருந்தவர்தானே.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று நேற்றுக் காலை பேட்டையில் இசக்கியப்பனின் மரக்கடைக்குப் போனேன். சவுக்கு லோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. நுனி வாடாமல் இருந்த ஒன்றை ஆளுயரத்துக்கு வெட்டிக் கொடுத்தான். கோயில் கொடைப் பந்தலுக்கா அண்ணாச்சி என்று கேட்டான். கிறிஸ்துமஸுக்கு என்றதும் என் நெற்றித் திருநீற்றை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

எஸ்றா சார் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியது. அவர் வீட்டில் மட்டும் இல்லை. கட்டிவிட ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆட்டோவை அனுப்பிவிட்டு, மரத்தைச் சுவரில் சாத்தி, மணியடித்தேன். கதவைத் திறந்தவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கிறிஸ்டி டீச்சர்தான் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இந்த வருசம் அவுக மரம் வைக்க மாட்டாகளே, துட்டி வீடுல்லா" என்றாள்.

நம் வீட்டில் ஒரு சாவு என்றால் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. அது எனக்குத் தெரியாதா? அவர்களுக்குத் தீட்டு இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தீட்டு இல்லையென்றால் துக்க வருஷமும் இருக்காது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். முப்பது வருஷம் வருவாய் ஆய்வாளர் வேலை பார்த்தவன், நேரில் பார்க்காமல் ஓர் அறிக்கை எழுதியதில்லை. இந்த மனிதர்களைப் பற்றி மட்டும் ஆறு வருஷம் வீட்டிலிருந்தே எழுதியிருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

எஸ்றா சார், "துட்டி கேக்க வந்தியளா, கிறிஸ்மஸ் கொண்டாட வந்தியளா?" என்றார். கேலியா கோபமா என்று பிடிபடவில்லை. பேத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள் என்றேன். "அப்பொ உள்ள வாங்க" என்றார்.

ஃபெபிக்கு அவர் சொன்ன பதில் இது. அவளுக்குப் புரியும்படி நீ சொல். உங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் மரமெல்லாம் மொட்டையாகும்போது, இலை உதிராத மரத்தின் கிளையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது கிறிஸ்தவ சபை அங்கே வருவதற்கு முன்பே இருந்த வழக்கமாம். எல்லாம் செத்துவிடவில்லை என்பதற்கு அது அடையாளம். பிற்பாடு ஜெர்மனியில் டிசம்பர் இருபத்துநாலை ஆதாம் ஏவாள் நாளாக வைத்து ஏதேன் தோட்ட நாடகம் போட்டார்கள். அந்தக் குளிரில் பச்சையாக நிற்பது அந்த மரம்தான் என்பதால் அதிலேயே ஆப்பிளைக் கட்டினார்கள். நற்கருணை அப்பம் மாதிரி மெல்லிய அப்பமும் தொங்கவிட்டார்கள். ஆப்பிள் பாவத்துக்கு, அப்பம் மீட்புக்கு. ஆப்பிள்தான் போகப்போகக் கண்ணாடி உருண்டையானதாம். விளக்கு, உலகத்துக்கு வந்த ஒளி. உச்சியில் இருப்பது தொழுவத்துக்கு வழி காட்டிய நட்சத்திரம். ஏதேனில் தொலைத்ததைத் தொழுவத்தில் திரும்பப் பெற்றோம், அதனால் மரமும் தொழுவமும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்றார்.

அப்படியானால் மரம் வேறு யாருடையதோதானே என்று கேட்டேன். உங்கள் ஆபீசில் இதற்கு என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்கு 2-சி பட்டா கொடுப்போம், நிலம் சர்க்காருக்கு, பலன் மட்டும் பட்டாதாரருக்கு என்றேன். "அதேதான் அண்ணாச்சி. நிலம் யாருதோ, பலன் எங்களுக்கு" என்று சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில் எனக்கும் வாய் வந்தது. வருஷாவருஷம் இன்பமணியம்மா கொடுத்தனுப்பிய கேக்கை நான் தொட்டதே இல்லை என்றுதான் நீயும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துத் தின்றிருக்கிறேன். நன்றாகவே இருக்கும். அதை அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி சாப்பிட்டாகளான்னு ஒவ்வொரு வருசமும் கேப்பா. எனக்குத் தெரியலன்னு சொல்லுவேன்" என்றார்.

பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய், ஆற்றுமணல் நிரப்பிய பெயிண்ட் டின் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். இன்பமணியம்மா மரம் நடுகிற டின் அது. இரண்டு கிழவர்களுமாக மரத்தை அதில் நிறுத்தினோம். நேராக நிற்க அரைமணி நேரம் ஆயிற்று. உருண்டையோ விளக்கோ கட்டவில்லை. "இந்த வருசம் பச்சையா மட்டும் நிக்கட்டும்" என்றார்.

புறப்படும்போதுதான் சிக்கல். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் இறங்கிவிட வேண்டும். உனக்கும் தெரியும். எதற்கு வந்தேன் என்று அவர் கேட்டதற்கோ நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவரும் வாசற்படியில் நின்றார்.

வாரேன் சம்பந்தி என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைக்குப் பள்ளிக்கூட லீவு எப்போது என்று உடனே எழுது. அதுவரை சவுக்கு பச்சையாக இருக்காது. காய்ந்தாலும் எடுக்க வேண்டாம், பேத்தி பார்க்கட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் பாளையங்கோட்டையில் இறங்குங்கள், அப்புறம் இங்கே வரலாம். நானும் அங்கேதான் இருப்பேன்.

உனக்கும் ஃபெபிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

அப்பா
சிவசண்முகம்