கலசத் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

மாப்ள,

சீ! இன்னும் கையை விட்டு அந்த நாற்றம் போகவில்லை. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. நீ கட்டி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்கிறதே, குழாய்க்குள் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்குமே, அதன் தொட்டி மூடியைக் காலையில் திறந்தேன். பூமாலை ஊறி அழுகிய வாளியைப் போல ஒரு வாடை. உள்ளே பச்சையாக, வழவழவென்று பாசி. பாசிக்கு நடுவே ஒரு ஏலக்காய். சத்தியமாக ஏலக்காய்தான்.

குளத்தூர் ஸ்டூடியோவில் இப்போது உன் மனைவி வள்ளிதான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். அந்த மிஷின் நின்றால் உன் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். பாதி வேலையில் சூடேறி அணைந்துவிடுகிறது என்று அழாத குறையாக என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் தொட்டியில் பாதிக்கும் கீழே தண்ணீர், அதில் இந்தக் கண்றாவி. பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

“ஆயுத பூசை கலசத் தண்ணி தம்பி. காலு படாத எடத்துலதான ஊத்தணும்? தொட்டி வேற கொறஞ்சு கெடந்துச்சு. ஊத்திட்டேன்.”

செடிக்கு ஊற்றுவார்கள், கிணற்றில் ஊற்றுவார்கள். கம்ப்யூட்டருக்கு ஊற்றிய முதல் பக்திமான் உன் மச்சான்தான். வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

முன்பு ஒருமுறையும் இதே மிஷினில் தண்ணீர் குறைந்தது. நான் பாட்டிலோடு ஊற்ற வந்தேன். நீ கையைத் தட்டிவிட்டாய். “கொறையுதுன்னா எங்கிட்டோ போகுதுடா. ஊத்தாத, தேடு.” பம்புக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுத்து, குழாய் சேருகிற ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, எது நனைகிறது என்று குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாங்கி வந்த டீ ஆடை கட்டிப்போனது. ஒரு சொட்டு உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் விழுந்தால் எல்லாம் போச்சு என்று என்னை மூச்சுவிடக்கூட விடவில்லை.

இவ்வளவு தெரிந்த உனக்கு உன் உடம்பில் மட்டும் ஏன்டா தேடத் தோன்றவில்லை? கேமராவைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. டாக்டரிடம் போனாயா? மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கினாய். தாலி கட்டுக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று. “போட்டா கேட்டுருது மாப்ள, சீசன் முடியட்டும்.” முகமும் காலும் வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி. மாத்திரை தின்றே கிட்னியைக் கெடுத்துக்கொண்டார் என்றார்கள். உன்னை நினைத்தால் எனக்கு அழுகையைவிட அருவருப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது. உன் படத்துக்கு மாலை போடும்போதுகூட நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கழற்றி, பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசினேன். மூட்டுகளில் நீ செய்தது போலவே பேப்பரைச் சுற்றிப் பம்பை ஓட்டினோம். வள்ளிதான் கண்டுபிடித்தாள். “அண்ணே, இங்கிட்டுப் பாருங்க, நனையுது.” ரேடியேட்டர் மூட்டில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதிதாக ஒன்று போட்டு, கூலன்ட் ஊற்றி மறுபடி ஓட்டினோம். பேப்பர் காய்ந்தே இருந்தது. கம்ப்யூட்டரும் உயிர் பெற்றது. பாதியில் நின்ற கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான்.

குனிந்தே கிடந்ததில் என்னால் நிமிர முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். வள்ளி பார்த்துவிட்டாள்.

“என்னண்ணே அது?”

“சும்மா, இடுப்பு வலிக்குத் தங்கச்சி.”

அவள் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். “அவுகளும் சும்மான்னுதான் சொன்னாக. குடுங்க இங்கிட்டு.”

கொடுத்துவிட்டேன் மாப்ள. வண்டியை மிதிக்கக்கூட முடியவில்லை. உன்னைத் திட்டும் அதே வாயால் என்னையும் திட்டிக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டாக்டர் வர நேரமாகுமாம். உயிர் போகிற வலி. வலிக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் காட்ட வேண்டாமா?