ஒட்டவைத்த நாலு பூ

அன்புள்ள ஷோபாவுக்கு, இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை, வெயிலில் அலையாதே. இது அம்மா சொன்னது, எழுதுவது உன் தம்பி பவன். போனில் உன் குரல் கேட்டால் அம்மாவுக்குப் பேச்சே வருவதில்லை, அதனால்தான் ஊறுகாயோடு இந்தக் கடிதமும் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் சகாயம் அண்ணன் பெட்டியில் வருகிறது.

அப்பா போய் நாற்பது நாள், அம்மா இன்னும் அழவில்லை, எனக்கும் பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி மரத்துத்தான் கிடக்கிறது. போன லீவில் நீ கொண்டு வந்தாயே கட்டைவிரல் உயரக் கள்ளிச்செடி, பாலைவனத்துச் செடி, உச்சியில் வளையமாக ரோஸ் நிறப் பூ பூக்கும் என்றாய், அப்பாகூட, இன்னாடி இது, தண்ணி கேக்கல, சோறு கேக்கல, நம்ம வூட்லயே இதான் சிக்கனம் என்றார், கள்ளிக்கு இந்தக் கள்ளன் காவல் என்று என்னிடம் விட்டார். காரியம் முடிந்ததும் அம்மா, பாலைவனச் செடிக்கு மணல்தானே வேணும் என்று கோரமண்டல் சயனைடு மேட்டிலிருந்து சாம்பல் மணலை அள்ளி வந்து தொட்டியை நிரப்பிவிட்டாள். சுரங்கத்தில் சயனைடு விட்டுத் தங்கம் எடுத்த பிறகு கொட்டின மணல், புல்லே திணறும். ஒரே வாரத்தில் செடி மஞ்சளாகிவிட்டது. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று பிளாஸ்டிக் மாலையிலிருந்து நாலு பூவைப் பிய்த்து உச்சியில் ஒட்டினேன். சிரிக்கவில்லை அக்கா, நிஜமாகவே பூத்துவிட்டது என்று நம்பிக் கை கூப்பினாள். உங்கப்பா வந்துட்டாருடா, இந்த வூட்ட வுட்டு எங்க போறது, நம்ம அங்க வர்றதுக்கு அனுப்புன ரெண்டு டிக்கெட்டையும் வேணாம்னு ஷோபாவுக்கு எழுது என்றாள். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

எழுதினத வாசிடா என்றாள். வேறு எதையாவது வாசித்து ஏமாற்றியிருக்கலாம், இதுவரை உள்ளதை அப்படியே வாசித்துவிட்டு முதுகைக் காட்டினேன். அடிக்கவில்லை. நாலு பூவையும் கிள்ளிப் போட்டாள், தொட்டியைக் கவிழ்த்தாள். வேர் அழுகியிருந்தது, அடியில் பட்டாணி அளவு குட்டி ஒன்று மட்டும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஐயோ, முள்ளு குத்துதுடா என்றாள். நாற்பது நாளில் சுடுகிறது, குத்துகிறது என்று அவள் ஒன்றுமே சொன்னதில்லை அக்கா.

டிக்கெட் அப்படியே இருக்கட்டுமாம். இந்தக் குட்டியை பிளேனில் விடுவார்களா என்று விசாரித்து நீயே போன் பண்ணுவாயாம், மறந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை, நன்றாக இரு.

இப்படிக்கு,
கையெழுத்து போடுவது அம்மா பாக்யலட்சுமி,
கையும் களவுமாகப் பிடிபட்டவன் பவன்.