பிளாஸ்டிக் டம்ளர்

தம்பிக்கு,

பாத்திரக் கடைக்காரி வீட்டில் அப்பாவுக்குப் பிளாஸ்டிக் டம்ளரா என்று சித்தியிடம் சிரித்தாயாம். என் கடையில் இருப்பதிலேயே கனமான எவர்சில்வர் டம்ளரை அவர் எறிந்ததில்தான் என் புருவம் கிழிந்தது.

மாத்திரை கொடுக்கப் போனபோது, "விஷம் வைக்க வந்தியா, சனியனே?" என்று எறிந்தார். பக்கவாதம் இடது பக்கத்துக்குத்தான். வலது கை நன்றாகவே இருக்கிறது.

கடையில் கேட்டவர்களிடம், பரணிலிருந்து குடம் விழுந்துவிட்டது என்று என் சரக்கின் மேலேயே பழி போட்டேன். இனி யார் கேட்டாலும் அப்பா அடித்தார் என்றே சொல்வேன்.

"நோயாளிதானே அக்கா, பொறுத்துக்கோ" என்பாய். மருந்து கொடுப்பேன், படுக்கையும் மாற்றுவேன். அடி வாங்குவது அதில் சேர்த்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வாரம் நீ அவரைப் பார்த்துக்கொள். வெள்ளி டம்ளரில் வேண்டுமானாலும் கொடு. குனிந்துகொள்ள மட்டும் மறக்காதே.

உன் அக்கா